குறட்டை நின்றால் காபி

எங்கள் வீட்டில் அப்பா தூங்கும்போது யாரும் கால் நுனியில் நடந்ததில்லை. குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவர் எழமாட்டார் என்பது அம்மாவின் தீர்மானம். அதனால் குறட்டை கிளம்பியதும் வீடும் கிளம்பும். மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றே முழு நீளத்துக்குக் கதை பேசிவிட்டுப் போவாள். குறட்டை நின்றுவிட்டால் அவர் விழித்துக்கொண்டார் என்று பொருள். அடுத்த நிமிடம் அம்மா டம்ளருடன் கட்டிலருகே நிற்பாள்.

"இந்தாங்க, காப்பி."

அப்பா திடுக்கிட்டுக் கண் திறப்பார். கிணற்றுக்குள் முங்கியவரை யாரோ முடியைப் பிடித்துத் தூக்கியதுபோல வாயைப் பிளந்து மூச்சை இழுப்பார். டம்ளரை வாங்கிப் பாதி குடிப்பார். மீதிப் பாதி கையில் இருக்கும்போதே கழுத்து சாய்ந்துவிடும். அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். சத்தம் மறுபடியும் கிளம்பும். ஒரே தூக்கத்தில் மூன்று காபி குடித்த நாட்களும் உண்டு. எழுந்த பிறகு, "இன்னிக்கு காப்பியே குடுக்கலையே" என்பார்.

அப்பா ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேன் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பி மகாராஜபுரம் போய், அங்கிருந்து ஊர் ஊராக நின்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பெண்களை ஆறு மணி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவார். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்புவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பார். பன்னிரண்டரைக்கு மறுபடியும் மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் கிளம்ப வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் தெருவுக்கே தெரிந்த குறட்டை நேரம்.

தெருவில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் என் தாய்மாமா வரும்போதெல்லாம் கட்டிலருகே நின்று கச்சேரி கேட்பதுபோல் கேட்பார்.

"மச்சான் மாதிரி தூங்க குடுத்து வச்சிருக்கணும். மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் இம்புட்டுச் சத்தம் வரும்" என்பார்.

சத்தத்தை வைத்துத்தான் கள்ளமின்மையை அளப்பதென்றால், எங்கள் ஊரில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியைவிட உத்தமன் யாரும் இல்லை. இதை நான் வெளியே சொன்னதில்லை. மாமாவின் மனைவியும் குறட்டை விடுவார். அப்பாவுக்குச் சற்றும் குறையாத குறட்டை. அதனால் அத்தை கல்யாண மண்டபங்களில் படுக்கவே மாட்டார். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, யார் கேட்டாலும் "இடுப்பு வலி" என்று சொல்லிவிடுவார். ஒரே சத்தம்தான். ஆணிடமிருந்து வந்தால் உழைத்த அசதி, பெண்ணிடமிருந்து வந்தால் வளர்ப்பு சரியில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா யாரும் கேட்காமலேயே, "எங்க புள்ள தூங்குறதே தெரியாது, சத்தமே வராது" என்று சொல்லிவைத்தாள். மாப்பிள்ளையைப் பற்றி இந்தத் தகவலை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இவ்வளவு தூங்கும் அப்பா, மற்ற நேரத்திலும் தூங்கினார். அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே தூங்குவார், பின்னால் நிற்பவர் முதுகைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். மாமா மகளின் வளைகாப்புப் போட்டோவில் எல்லோரும் சிரிக்க, அப்பா மட்டும் தியானத்தில் இருப்பார்.

பிறகு ஒருநாள் காலை ஏழு மணி வெயிலில், இரவு ஷிப்ட் முடித்த பெண்களுடன் மகாராஜபுரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேன், கண்மாய்க் கரை வளைவில் வளையாமல் நேராகப் போனது. தென்னந்தோப்பு வேலியைத் தள்ளிக்கொண்டு, வெட்டிக் குவித்திருந்த தேங்காய்க் குவியலில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு பெண்ணின் தூக்குச்சட்டி மட்டும் நசுங்கியது. அவர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அப்பா வீட்டுக்கு வந்து, "நாய் குறுக்க வந்துருச்சு" என்றார்.

மறுநாள் அந்தத் தூக்குச்சட்டிக்காரப் பெண்ணே வீட்டுக்கு வந்தார். வேனில் எப்போதும் முன் இருக்கையில் உட்காருபவர்.

"நாயும் வரல, பேயும் வரல மதினி. அண்ணன் ஸ்டியரிங்க தலகாணின்னு நெனச்சிட்டாக."

"சும்மா சொல்லாத. அவிய காலையில நாலு இட்லி தின்னுட்டு மூணு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குற மனுசன். ராத்திரியும் அப்படித்தான். அவியளுக்கு எங்கிட்டு தூக்கம் பத்தாமப் போகுது?" என்றாள் அம்மா.

"அப்ப வேன்ல தூங்குறது யாரு, நானா?"

வருகைப்பதிவு பார்க்கும் மில்லின் டைம் ஆபீசில் அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த வழியில் வண்டி ஓட்டியவர். அந்தப் பெண்களில் பாதிப் பேரைக் குமரிகளாக ஏற்றி, இப்போது அவர்கள் பிள்ளைகளின் மார்க்கை விசாரிக்கிறவர். சாவி போனால் என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாவி போகாமல் இன்னொரு முறை அந்த வளைவு வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அங்கே எந்நேரமும் தேங்காய் குவிந்து கிடக்காது.

எல்லோரும் மருத்துவம் பார்த்தார்கள். அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பாவின் தூக்கத்தைப் பார்த்து ஊரே கண் வைத்துவிட்டது என்றாள். மாமா ஒரு பச்சை மிளகாயைப் பல்லில் கடித்துக்கொண்டே ஓட்டச் சொன்னார். அப்பா மூன்று நாள் அப்படி ஓட்டினார், வயிறுதான் விழித்துக்கொண்டது. மில் நிர்வாகம் 'விழிப்புடன் ஓட்டவும்' என்று அச்சடித்து டிரைவரின் கண்ணுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டியது. ரோட்டில் கால்வாசி அதில் மறைந்தது. வேன் பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருத்தியாக முன்னால் உட்கார்ந்து அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்கள். இரவெல்லாம் நின்று அறுந்த நூலை முடிச்சுப்போட்டுவிட்டு வருகிற பெண்கள், டிரைவர் தூங்காமல் இருக்கத் தாங்கள் தூங்காமல் வந்தார்கள்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மாவுக்கு அதுவும் கிடையாது. நான் விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஆனால் என் படிப்பை வீட்டில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றால், மாத்திரை அட்டையில் தேதி பார்க்கவும், கல்யாணப் பத்திரிகையில் உறவுக்காரர் பெயர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கவும்தான். தூக்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் டீச்சர் சும்மா இருப்பாளா.

பாடப்புத்தகத்தைத் தாண்டி நிறையப் படித்தேன். ஒரு சார்ட் அட்டை வாங்கி, படிக்கட்டு மாதிரி வரைந்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மாமாவையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"தூக்கம் ஒரே குழி இல்ல மாமா. படிக்கட்டு. மொதப் படியில நிக்கும்போது கூப்பிட்டா உடனே முழிப்போம். ரெண்டாவது படி கொஞ்சம் கீழ. மூணாவதுதான் ஆழமான தூக்கம், ஒடம்பு தன்னைச் சரி பண்ணிக்கிற நேரம். பொறவு கனவுத் தூக்கம். அதுல கண்ணு மட்டும் இமைக்குள்ள ஓடும், மத்த ஒடம்பெல்லாம் துணி மாதிரி கெடக்கும். ஒரு சுத்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பவும் மொதல்ல இருந்து."

"மச்சான் எந்தப் படியில நிக்காரு?"

"அதக் குறட்டைய வச்சுச் சொல்ல முடியாது. குறட்டைங்கிறது தொண்டச் சதை தளந்துபோய், காத்துல அடிச்சுக்கிடுற சத்தம். அவ்வளவுதான்."

"ஏட்டி, அப்ப இத்தன வருசமா அவிய நல்லாத் தூங்கலைன்னா சொல்லுத?" அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் சமையலைக் குறை சொன்னதுபோல எடுத்துக்கொண்டாள்.

அங்கே நிறுத்தியிருந்தால் என் மரியாதை மிஞ்சியிருக்கும். நான் மேலே போனேன். கனவுத் தூக்கத்தில் சிலருக்குக் குறட்டை குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியானால் குறட்டை நிற்கும்போது அப்பா விழிக்கவில்லை, நல்ல தூக்கத்துக்குள் போகிறார், அந்த நேரம் பார்த்து அம்மா காபியை நீட்டிக் கெடுக்கிறாள். கண்டுபிடித்துவிட்டேன். அன்றே தீர்ப்பு எழுதினேன்: குறட்டை நின்றால் யாரும் அவரை எழுப்பக் கூடாது, காபி தடை. அம்மாவும் படித்த பிள்ளை சொல்கிறது என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் தடை அமலில் இருந்தது. அப்பாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே தூங்கியதைத்தான் புதிதாகப் பார்த்தேன். என் கண்டுபிடிப்பை மாமாவுக்கு நிரூபிக்க, ஒரு விடுமுறை நாள் காலையில் செல்போனை அப்பாவின் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தேன். மதியம் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. ஆகா, கனவு என்று நினைத்தேன். பின்னணியில் தெருவில் கீரைக்காரியின் குரல் கேட்டது, பைக் ஒன்று போனது. அப்பாவின் மூச்சை மட்டும் காணவில்லை. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என்னால் முடியவில்லை, விட்டுவிட்டேன். அவர் இன்னும் விடவில்லை. அதற்கும் பிறகுதான் ஒரு பெரிய உறுமலுடன், தண்ணீரிலிருந்து தலையை எடுப்பவர்போல மூச்சை இழுத்தார். கொஞ்சம் குறட்டை. மறுபடியும் நிசப்தம். பதிவு முழுக்க இதேதான்.

காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டுச் சார்ட்டைப் பார்த்தேன். படிக்கட்டை நன்றாகத்தான் வரைந்திருந்தேன். அப்பா அதில் இறங்கவே இல்லை. முதல் படியில் கால் வைக்கும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தது அவருடைய உடம்பு.

ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா, "குறட்டை உண்டா?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா வரும்மா" என்றார். பசி எப்படி என்று கேட்டால் சொல்கிற மாதிரி. விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் வயர் மாட்டித் தூங்குகிற ஒரு சோதனைக் கருவியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர்போல விபூதி பூசிக்கொண்டு படுத்தார்.

முடிவைப் பார்த்து டாக்டர் சொன்னது, நான் பதிவில் கேட்டதேதான். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. மூளை பயந்துபோய் உலுக்கி எழுப்புகிறது. அவருக்கு எழுந்ததே நினைவிருக்காது. ஆழ்ந்த தூக்கமும் கனவும் கைக்கு எட்டாமல் ராத்திரி முழுக்க வாசலிலேயே நிற்கிறார். அதனால்தான் பகலில் எங்கே சாய்ந்தாலும் கண் சொருகுகிறது.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "குறட்டை நின்னதும் நான் காப்பி குடுத்து எழுப்பிருவேம்மா. அது தப்பா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உடம்பு தானாவே எழுப்பியிருக்கும். நீங்க கொஞ்சம் முன்னாடி எழுப்பியிருக்கீங்க. அந்த நேரத்துக்கு அவரு மூச்சு விட்டாருல்ல, விடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங் காப்பி மூச்ச எடுத்துக் குடுத்துச்சு. படிச்சவ அத நிப்பாட்டுனா."

சார்ட்டை அன்று சாயங்காலமே கழற்றினேன். டீச்சர் என்பதால் கிழிக்க மனம் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

காற்றை ஒரே சீராக மூக்குக்குள் செலுத்துகிற ஒரு மெஷின் வந்தது. தலையைச் சுற்றி வார் போட்டு முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டும். அது பழகும்வரை மில்லில் அப்பாவை வண்டியிலிருந்து இறக்கி கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். தூங்குகிற மனிதரைக் காவலுக்குப் போட்ட யோசனை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

வீட்டில் முதல் வாரம் பெரும்பாடு. மெஷின் மாட்டியதும் குறட்டை போய்விட்டது. அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து எழுந்து அப்பாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலையா, சத்தத்தையே காணோமே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "மச்சான் பழைய மச்சான் இல்ல" என்று வருத்தப்பட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் அப்பாவுக்குக் கனவு வந்தது. எவ்வளவோ வருடம் கழித்து வந்த கனவு என்பதால் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து முழுவதும் சொன்னார். வேன் ஓட்டிக்கொண்டு போகிறாராம், மகாராஜபுரத்தில் நிறுத்துகிறாராம், எல்லோரும் ஏறுகிறார்களாம். அவ்வளவுதான். மறுநாளும் கனவு வந்தது. அதில் தன் வழியிலேயே இல்லாத தளவாய்புரம் வரை போய்விட்டாராம், ஏன் என்று தெரியவில்லையாம். கனவுத் தூக்கம் மூளைக்கு நல்லது என்று நானே சொல்லியிருந்ததால், தினமும் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

முடிவெட்டும் கடையில் அவர் முழுநேரமும் விழித்திருந்து அரசியல் பேசினார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது. மாதக் கடைசியில் மில்லில் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதும் டைம் ஆபீஸ்காரர் பழைய வார்த்தையை மறக்காமல் சொன்னாராம், இன்னொரு தடவை என்றால் அவ்வளவுதான் என்று.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி முகமூடி வாரின் கிளிப் உடைந்துபோனது. அம்மா தன் தலை ரிப்பனால் கட்டிப் பார்த்தாள், காற்று பக்கவாட்டில் சீறியது. அப்பா கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். பழைய கச்சேரி முழுதாக நடந்தது. "நேத்துத்தான் எனக்கு நல்ல தூக்கம்" என்றாள் அம்மா காலையில், குற்றவுணர்ச்சியே இல்லாமல்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. கிளிப் வாங்க ராஜபாளையம் போக வேண்டும் என்பதால் அப்பாவின் மதிய வேனிலேயே ஏறிக்கொண்டேன். தூக்குச்சட்டிக்காரப் பெண் முன் இருக்கையில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால்.

"டீச்சரு இன்னிக்கு நம்ம கூட வாராக. யாரும் தப்புத் தப்பாப் பேசாதீகடி, மார்க்கக் கொறச்சிருவாக" என்றார் அவர். வேனே சிரித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வேன் வேகம் குறைந்தது. அப்பா ஓரம் கட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"என்னண்ணே, பஞ்சரா?"

"இல்ல. தூக்கம் வருது."

இருபத்திரண்டு வருடத்தில் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. கண்ணில் தூசி விழுந்திருக்கிறது, எதிர் வெயில் அடித்திருக்கிறது, நாய் வந்திருக்கிறது. தூக்கம் மட்டும் வந்ததே இல்லை.

"ரெண்டு மணி ஷிப்டுண்ணே. லேட்டாப் போனா கேட்லயே நிப்பாட்டிருவாக" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நேத்து மெஷின் போடல. கண்ணு சொருகுது. ஓட்ட மாட்டேன் தாயி."

"நான் பேச்சுக் குடுக்கேன், மெல்ல ஓட்டுங்க" என்றார் முன் இருக்கைப் பெண்.

"நீ பேசுனா இன்னும் நல்லாத் தூக்கம் வரும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "மில்லுல சாவியப் புடுங்கிருவாகண்ணே. யோசிச்சுப் பேசுங்க."

அப்பா சாவியை உருவி என்னிடம் நீட்டினார். "இத நீ வச்சுக்க. நானே கேட்டாலும் குடுக்காத." பிறகு செல்போனை எடுத்து டைம் ஆபீசுக்குப் பேசினார். வண்டி நன்றாக இருக்கிறது, தனக்குத்தான் தூக்கம், வேறு டிரைவரை அனுப்புங்கள். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "ஆமா, தூக்கம்தான்" என்று இரண்டு முறை சொன்னார்.

வேறு டிரைவர் பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. பெண்கள் இறங்கி நிழலில் நின்றார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் நிஜமாகவே திட்டினார்கள். ஒருத்தி அரை நாள் போச்சு என்றாள். யாரும் அப்பாவிடம் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. வந்த டிரைவரிடம் சாவியைக் கொடுத்தேன், அவர் ஓட்ட, அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மில் வாசலில் டைம் ஆபீஸ்காரர் ரிஜிஸ்டருடன் நின்றுகொண்டிருந்தார். அப்பா முதலில் இறங்கினார்.

"லேட்டுக்கு நான்தான் காரணம். இவுகள நிப்பாட்டாதீக."

அவர் பெண்களைக் கையசைத்து உள்ளே விட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காரணம் எழுதணும்யா. பஞ்சர்னு எழுதிருதேன். ஒமக்கும் நல்லது, எனக்கும் வேல மிச்சம்."

"டயரு என்ன பாவம் பண்ணுச்சு. தூக்கம்னு எழுதுங்க."

"எழுதுனா மேல போகும். மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும். வண்டிய நிப்பாட்டுனேன்னும் சேத்து எழுதுங்க."

டைம் ஆபீஸ்காரர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து ரிஜிஸ்டரைத் திருப்பி நீட்டியபோது, "திங்கக்கெழம காலையில வண்டிய நீருதான் எடுக்கணும். மேனேஜர்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். "தூங்கிட்டு வாரும்."

அப்பா உடனே கையெழுத்துப் போடவில்லை. ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"சரியா எழுதியிருக்காரான்னு வாசி."

டிரைவருக்குத் தூக்கம் வந்ததால் வண்டியை வழியில் நிறுத்திவிட்டார் என்று வாசித்தேன். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் வாசிப்பதுபோலவே வாசித்தேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு, பேனாவை வாங்கி, தனக்கு எழுதத் தெரிந்த அந்த ஒரே பெயரை நிதானமாக எழுதினார்.